கடைசி நாளில் நிறைவேறும் சட்டங்கள்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யார் நினைவாக அமைந்திருக்கிறதோ, அந்தப் பெரியவர் தொழிற்சங்கப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். சட்டத்தைப் பற்றிப் பேச எழுந்தவர் முதலில் அதைப் பிரித்துப் படித்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். அதனால்தான், கூட்டத்தொடர் முடியப்போகும் நாட்களில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு இருக்கும் வேலையை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்டதும் செய்தியாளர்கள் கூட்டம் கலைந்துவிடும். உறுப்பினருக்கு அதன்பிறகுதான் வேலை. துறை துறையாக மானியக் கோரிக்கைகள் வரும். கொள்கை விளக்கக் குறிப்பு பெரும்பாலும் அன்று காலைதான் மேசைக்கு வரும். அன்றே அதன்மேல் பேசியாக வேண்டும். கிடைக்கும் சில நிமிடங்களில் தொகுதிக்கு ஒரு துணை மின்நிலையம், ஒரு பாலம், ஒரு கல்லூரி என்று கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அப்படிக் கேட்பதைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவரை அனுப்பிவைத்த மக்கள் அந்தப் பாலத்தில்தான் நடக்கப்போகிறார்கள்.

ஆனால் கடைசி இரண்டு மூன்று நாட்களில் இன்னொன்றும் வந்து சேர்கிறது: கட்டுக்கட்டாகச் சட்டமுன்வடிவுகள். காவல்துறை மானியம் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வரும், எல்லார் கவனமும் அதன்மேல் இருக்கும். இதற்கிடையில் ஒவ்வொரு முன்வடிவாக எடுத்துக்கொள்ளப்பட்டு, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும்.

2023 ஏப்ரல் 21 அப்படி ஒரு நாள். தமிழ்நாடு சட்டமன்றத்தின் அந்த ஆண்டு நிதிநிலைக் கூட்டத்தொடர் அன்றோடு முடிந்தது. அன்று நிறைவேறியவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். சில பக்கங்களே கொண்டது. 65 அ என்ற புதிய பிரிவைச் சேர்ப்பதுதான் அதன் வேலை. எந்தத் தொழிற்சாலைக்கும், எந்த வகைத் தொழிற்சாலைகளுக்கும் 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து அரசு விலக்களிக்கலாம் என்றது அது. படிக்கிறவர் கண்ணில் எண்கள்தான் படும். 1948ஆம் ஆண்டின் மூலச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் விஷயம் விளங்கும். 51 வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு, 52 வார விடுமுறை, 54 நாளுக்கு 9 மணி நேரம், 55 இடைவேளை, 56 வேலை நேரம் பரவக்கூடிய எல்லை, 59 மிகைநேர வேலைக்கு இரட்டைச் சம்பளம். ஒரு தொழிலாளியின் பகல் பொழுது முழுவதும் அந்த ஆறு எண்களுக்குள் இருந்தது.

விரும்புகிற நிறுவனங்களுக்கு மட்டும், தொழிலாளர் சம்மதத்தோடு மட்டும் என்று அமைச்சர்கள் விளக்கம் தந்தார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னதாகவே கொள்வோம். அப்படியானால் அந்தச் சம்மதத்தைப் பிரிவுக்குள்ளேயே எழுதியிருக்க வேண்டும். நாளை ஒரு தொழிலாளி நீதிமன்றப் படியேறினால் அவருக்குத் துணை நிற்பது சட்டத்தின் வாசகம்; அமைச்சரின் பதிலுரை அதற்கு ஈடாகாது. இதைப் பேரவையில் எழுந்து கேட்பதற்குத்தான் உறுப்பினர் இருக்கிறார்.

காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விடுதலைச் சிறுத்தைகள் என்று ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஏப்ரல் 24 அன்று சட்டமுன்வடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, தொழிற்சங்க முன்னோடி சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி சரியாக நூறாண்டு நிறைந்த நாளில், அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். எதிர்ப்புக்குச் செவிசாய்த்து ஓர் அரசு பின்வாங்குவது நல்ல மரபு. அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

என்னை இன்றுவரை உறுத்துவது இரண்டாவது சட்டம். சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் அதே நாளில் விவாதமின்றி நிறைவேறியது. 2023 ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டம் ஒன்று அமையும் நிலத்துக்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ குறுக்கிட்டால் அவற்றையும் திட்ட நிலத்தோடு எப்படி ஒருங்கிணைக்கலாம் என்று சொல்வது அது. நீர்நிலையின் கொள்ளளவு குறையக் கூடாது என்பது நிபந்தனை.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து உறுப்பினர் ஒருவர் முந்தைய இரவு அதைப் படித்திருந்தால் என்னவெல்லாம் கேட்டிருப்பார்! ஏரி என்றால் தேங்கிய தண்ணீர் மட்டுமா? மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் இருக்கிறது, மதகு இருக்கிறது, மிகுந்த நீரை அடுத்த ஏரிக்கு அனுப்பும் கலங்கல் இருக்கிறது, கீழே ஆயக்கட்டு இருக்கிறது. கொள்ளளவு ஒரு சொட்டும் குறையாமலேயே ஏரி இடம் மாறினால் பழைய மதகுக்குக் கீழே உள்ள வயலுக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? சங்கிலியாக அமைந்த ஏரிகளில் நடுவில் ஒன்றை நகர்த்தினால் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் என்னாகும்? மேய்ச்சலுக்கும் மீனுக்கும் அந்த ஏரியை நம்பியிருந்தவர்களை யார் கூப்பிட்டுக் கேட்பார்கள்? இவை அரசியல் கேள்விகள்கூட இல்லை. ஊரில் நீர் பாய்ச்சும் மடையர் கேட்கும் கேள்விகள். பேரவைக் குறிப்பில் அவை ஏறியிருந்தால், பிறகு விதிகள் வகுக்கும் அதிகாரி அவற்றுக்குப் பதில் தேடியிருப்பார்.

தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. பத்து நாளில் சட்டத்தைத் திருப்பினார்கள். ஏரிகளுக்காக எழுந்த குரலுக்கு அந்த வலு இருக்கவில்லை. இரண்டு சட்டங்களின் கதியும் வேறுவேறாகப் போனதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

கட்சிக் கொறடாவை மீறி வாக்களித்தால் பதவி போகும் என்ற அரசமைப்பின் பத்தாவது அட்டவணை 1985 முதல் இருக்கிறது. அது வாக்கைத்தான் கட்டுகிறது. கேள்வி கேட்பதையோ, திருத்தம் கோருவதையோ, தெரிவுக்குழுவுக்கு அனுப்பச் சொல்வதையோ அது தடுக்கவில்லை. ஆளுங்கட்சி உறுப்பினரும் கேட்கலாம்.

அப்படி அனுப்பினால் சட்டம் தாமதமாகும் என்பார்கள். அரசமைப்பின் 196ஆம் பிரிவைப் பாருங்கள்: கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டாலும், நிலுவையில் உள்ள சட்டமுன்வடிவு காலாவதியாவதில்லை. பேரவையே கலைந்தால்தான் அது போகும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 174ஆம் பிரிவு சொல்கிறது; அதற்கு முன்பே கூட்டுவதற்கும் தடையில்லை. ஏப்ரலில் அறிமுகமான ஒன்றை அடுத்த கூட்டத்தொடரில் எடுத்துக்கொண்டால் நட்டம் எதுவுமில்லை. இடைப்பட்ட மாதங்களில் அதன் தமிழ் வாசகம் ஊராட்சி அலுவலகம் வரை போய்ச் சேர்ந்திருக்கும். பாசன சங்கத்தார் படித்து, தங்கள் உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதியும் அனுப்பியிருப்பார்கள். கூட்டத்தொடரின் இறுதி மூன்று அமர்வுகளில் அறிமுகமாகும் எதையும், நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நீங்கலாக, அதே தொடரில் நிறைவேற்றுவதில்லை என்று பேரவை விதிகளில் ஒரு விதி சேர்த்தால் போதும். இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதிப் பேரவைத் தலைவருக்கு அனுப்ப இந்த அறக்கட்டளைக் குழுவே முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.