கட்டுத்துவக்கும் நமது கடமையும்

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டுவிழா மேடையிலே துவக்கைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் வியக்கலாம். மாரி நெல் கதிர் தள்ளுகின்றது. வன்னியிலும் மட்டக்களப்புப் படுவான்கரையிலும் பன்றி வயலில் இறங்கும் காலம் இது. கட்டுத்துவக்கு வெடிக்கும் காலமும் இதுவே.

கட்டுத்துவக்கு என்பது யாது? ஓர் இரும்புக் குழாய். அதனுள் வெடிமருந்தும் ஈயக் குண்டுகளும், சிலவேளை ஆணித் துண்டுகளும். அதனைக் கட்டையிற் பிணைத்துப் பன்றித் தடத்தை நோக்கி வைத்து, குறுக்கே மெல்லிய நூலொன்றைக் கட்டிவிட்டு, கட்டியவர் வீட்டுக்குப் போய் உறங்குகின்றார். நூலைத் தட்டுவது பன்றியா, விறகுக்குப் போன பெண்ணா, மாடு தேடிப் போன சிறுவனா என்று அந்தக் குழாய் பார்ப்பதில்லை. பன்றியின் உயரத்துக்கு வைத்த குண்டு மனிதனின் காலிலே பாய்கின்றது. எலும்பு நொறுங்கி, மண்ணும் துணியும் புண்ணுள் புகுந்து, காலையே இழந்தவர்கள் உளர். யானைகளும் தப்புவதில்லை, யானைமுகனுக்கு மோதகம் படைக்கும் ஊரிலேதான் இதுவும் நடக்கின்றது.

துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற கட்டளைச்சட்டம் 1916ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டம் இருந்தென்ன? யார் கட்டுகின்றார் என்பது ஊருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறவார். கட்டியவர் மாமனாகவோ மச்சானாகவோ இருப்பார். காயப்பட்டவனும், தான் வேட்டைக்குப் போனது வெளிவருமென அஞ்சி, மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டிலே படுக்கின்றான். தம்பிமாரே, அப்படிச் செய்யவிடாதீர்கள். சுத்தமான துணியால் புண்ணை இறுக அழுத்திப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் துண்டுகளைப் பிடுங்காதீர்கள். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். காயப்பட்டவரை நோக்கி ஓடுமுன் காலடியைப் பாருங்கள். அடுத்த நூல் அருகிலே இருக்கலாம்.

அனுமதிபெற்ற துவக்கு உள்ள வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. தோட்டாவைக் கழற்றி வேறிடத்திற் பூட்டுங்கள். துவக்கைத் தனியே பூட்டுங்கள். திறப்பு பிள்ளைகள் அறியாத இடத்தில் இருக்கட்டும். ஆயுதபூசைக்கு மண்வெட்டியோடு துவக்கையும் சாத்திவைக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். பொட்டு வைத்த துவக்கை விளையாட்டுப் பொருளென்று பிள்ளை எடுத்தால் யார் பொறுப்பு? வீட்டிலே ஒருவர் மனமுடைந்தோ குடிவெறியிலோ இருக்கும் நாளில், அத்திறப்பு அவர் கைக்கு எட்டவே கூடாது.

“பன்றி தின்றால் பிள்ளைக்குச் சோறு யார் போடுவது?” என்று கமக்காரர் கேட்பது நியாயமே. நம் பாட்டன்மார் பரணிலே முறைவைத்துக் காவலிருந்தார்கள், தகரம் தட்டினார்கள், தீ மூட்டினார்கள். தனியொருவனால் இரவெல்லாம் விழிக்க இயலாது. இச்சங்கத்தில் வாலிபர்கள் இருக்கின்றார்கள். ஒருவருக்கு வாரத்தில் ஓரிரவு வந்தாற் போதும்.

காவல்முறைக் கொப்பி செயலாளரிடம் இருக்கின்றது. முதலாம் வெள்ளிக்கிழமை இரவுக்கு என் பெயரை எழுதிவிட்டேன். பூசை முடிந்ததும் மற்ற இரவுகளுக்குப் பெயர் கொடுங்கள். கட்டியிருப்பவர்கள் இன்றைக்கே போய் அவிழ்த்துவிடுங்கள்.