காற்றாலையும் நமது ஞாயிறு வகுப்பும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விடுமுறைக்குத் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் நம் குழந்தைகள், ஆரல்வாய்மொழி நெருங்கியதும் சன்னலை விட்டு அகலுவதில்லை. அணியணியாய் நிற்கும் காற்றாலைகளைக் கண்டு, "ஏன் மூன்றே இறக்கைகள்?" என்று கேட்கின்றனர். பெரும்பாலும் பலகாரப் பொட்டலமே அவர்களுக்கு விடையாகக் கிடைக்கிறது.

இத்தகைய வினாவை வகுப்பறைக்குள் கொண்டுவந்த ஆசிரியர் ஒருவர் டென்மார்க்கில் இருந்தார். போல் லா கூர் என்பது அவர் பெயர். ஆஸ்கோவ் என்னும் ஊரின் மக்கள் பள்ளியில் கற்பித்த அவர், 1891இல் அங்கேயே காற்றாலை நிறுவி மின்சாரம் எடுத்தார். விரைந்து சுழலும் ஒரு சில இறக்கைகளே மின்னாக்கத்திற்கு ஏற்றவை என்று சோதனையால் கண்டார். 1904இல் அவரிடம் பயின்ற யோஹானஸ் யூல், 1957இல் கெட்சர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் திறனுள்ள மூன்றிறக்கை ஆலையை இயக்கினார். பாடம் பலிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. நம் வண்டிகள் கூட இவ்வளவு தாமதிப்பதில்லை!

இதனைச் சிறிய அளவில் நமது ஞாயிறு தமிழ் வகுப்பிலும் செய்யலாம். பொம்மைக் காரின் மோட்டார், தக்கை, அட்டை இறக்கைகள், மேஜை விசிறி, வோல்ட்மீட்டர் ஆகியவை போதும். மோட்டாரின் தண்டு சுழன்றால் அதுவே மின்னாக்கியாகும். இறக்கையின் தட்டைப் பக்கம் முழுவதும் காற்றை நோக்கியிருந்தால் சுழலாது. விளிம்பு மட்டும் நோக்கியிருந்தாலும் சுழலாது. இடைப்பட்ட சாய்வைக் குழந்தைகளே தேடிக் காணட்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அந்த ஆற்றலில் 59.3 சதவீதத்திற்கு மேல் எந்த ஆலையாலும் எடுக்க இயலாது. முழுவதையும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடுமே! வண்டியிலிருந்து இறங்கியவர் வாசலை அடைத்து நின்றால், பின்வருவோர் எங்ஙனம் இறங்குவர்?

"இது தேர்வுக்கு உதவுமா?" என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். தமிழுக்கு உதவும் என்பதே நமது விடை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ், வீட்டில் சோறு கேட்கவும் மேடையில் பாட்டு ஒப்பிக்கவுமே பயன்படுகிறது. சாய்வு, விசை, உராய்வு, ஆற்றல் ஆகிய சொற்களைக் கையில் பொருளோடு கற்றால், தமிழில் சிந்திக்கவும் அவர்களுக்கு ஓர் இடம் கிடைக்கும்.

செயற்குழுவினர் வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருமாறு கோருகிறோம். பழைய மேஜை விசிறி வைத்திருப்போர் அன்புடன் தந்துதவ வேண்டும். வலைக்கூடு இல்லாத விசிறி மட்டும் வேண்டா. சிறுவர்களின் விரல்கள் சும்மா இரா.