வெளிச்சம் இங்கே, சாம்பல் அங்கே
(முதலமடைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றுகூட இல்லை. எனினும் ராமகுண்டத்திலும் தால்ச்சரிலும் நிலக்கரி எரித்துப் பெறும் மின்சாரத்தில் நமக்கும் பங்குண்டு. வெளிச்சம் நமக்கு, புகையும் சாம்பலும் அங்குள்ள உழைக்கும் மக்களுக்கு. வடசென்னை எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் கலந்த சாம்பல், மீனவர் பிழைப்பையே சிதைத்தது.

மாந்தோப்புகளில் எண்டோசல்பான் தெளித்த காலத்தைக் கண்ட ஊர் இது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிலக்கரியிலுள்ள ஆர்சனிக், ஈயம் போன்றவை நுண்துகள்களில் படிந்து நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. பாதரசமோ பெரும்பாலும் ஆவியாக வெளியேறுகிறது. துகள்களைப் பிடிக்கும் கருவி மட்டும் அதற்குப் போதாது. கந்தக வாயுவை நீரும் சுண்ணாம்புக்கல்லும் கொண்டு நீக்கும் கருவி, நீரில் கரையும் பாதரசச் சேர்மங்களையும் பிடித்துவிடும்.

2015 டிசம்பரில் ஒன்றிய அரசு வரம்பு விதித்தது. 2017 முதல் அமையும் நிலையங்களில் ஒரு கனமீட்டர் புகையில் துகள்கள் 30 மில்லிகிராம், பாதரசம் 0.03 மில்லிகிராம் தாண்டக் கூடாது. பழைய நிலையங்களுக்கு இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. அது மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக நீக்கக் கருவியிலிருந்தே விலக்களிக்கப்பட்டது. நிர்வாகம் மிச்சம்பிடித்த செலவை மருத்துவமனை வாசலில் மக்கள் கட்டுகிறார்கள்.

நிலையங்களை இன்றே மூடச் சொல்லவில்லை. தொழிலாளர் வேலையும் காக்கப்பட வேண்டும். விலக்கை ரத்து செய்! புகைபோக்கி அளவீடுகளை அந்தந்த ஊர் மக்களின் மொழியில் வெளியிடு! கருவிச் செலவை மின்கட்டணத்தில் ஏற்றாதே! மின்சாரத்தில் பங்கு பெறும் நாம், இப்போராட்டத்திலும் பங்கு பெறுவோம்.