ரசீது கேள்!

(டிசம்பர் 18, சர்வதேச புலம்பெயர்ந்தோர் தினத்தன்று இராமநாதபுரத்தில் பேசியது)



இங்கே வரும் வழியில் டீக்கடையில் ஒரு தம்பியைப் பார்த்தேன். கையில் புது பாஸ்போர்ட். "என்ன வேலைக்குத் தம்பி?" என்றேன். "எந்த வேலைன்னாலும் செய்வேண்ணே" என்றார். "ஏஜென்ட்டுக்கு எவ்வளவு?" "ஒண்ணு இருவது." ஒரு லட்சத்து இருபதாயிரம்! "ரசீது குடுத்தாரா?" என்று கேட்டேன். தம்பி சிரித்தார். விவரம் தெரியாத ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வெளிநாடு போகாதே என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டம் இது. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். கீழக்கரைப் பக்கம் வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிற சபராளி இல்லாத தெரு உண்டா? அக்கா கல்யாணம், ஓட்டு வீட்டுக்கு மாடி, தம்பியின் காலேஜ் பீஸ், எல்லாம் அந்தப் பாலைவன மணலிலிருந்து வந்த காசு. பத்தாவது தேறாதவன், கைத்தொழில் தெரியாதவன் போகக்கூடாதா? தாராளமாகப் போகலாம். மூட்டை தூக்கவும், மண் வெட்டவும், பாத்திரம் கழுவவும் அந்த நாட்டுக்காரர்களுக்கு ஆள் வேண்டும். நமக்கு வேலை வேண்டும். நியாயமான கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். உழைப்பைக் கொடுக்கப்போகிறவன் பணத்தையும் ஏன் கொடுக்க வேண்டும்? சந்தைக்கு ஆடு ஓட்டிப் போனவன், ஆட்டையும் விட்டுவிட்டு மடியிலிருந்த ரூபாயையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வருவானா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தத் தம்பி வாங்கியது மூணு வட்டிக் கடன். 1,20,000 ரூபாய்க்கு மாதம் 3,600. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வட்டி மட்டும் 86,400. அசலோடு சேர்த்தால் 2,06,400. சம்பளம் 800 ரியால். சாப்பாடு, போன், சோப்பு என்று கையைச் சுருக்கிச் செலவழித்தாலும் 300 ரியால் போய்விடும். மிச்சம் 500. ரியாலுக்கு 22 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 11,000, இரண்டு வருஷத்துக்கு 2,64,000. கடனைக் கழியுங்கள். 57,600 ரூபாய். மாதத்துக்கு எவ்வளவு? 2,400! நம்மூரில் சித்தாள் நாலைந்து நாளில் வாங்குகிற கூலி. அதற்கா ஐயா கடல் தாண்டிப் போவது?

இது ஏட்டுக் கணக்கு என்று நினைக்காதீர்கள். நான் வளைகுடாவுக்குப் போனபோது எனக்கு 22 வயது. பேக்கிங் வேலை, ஏசி ரூம் என்றார் ஏஜென்ட். அங்கே இறங்கியதும் விமான நிலைய வாசலிலேயே ஒருவர் எங்கள் ஏழு பேர் பாஸ்போர்ட்டையும் வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு, பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் அரபியில் ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். பேக்கிங் வேலை குழி தோண்டும் வேலையானது. 1,000 ரியால் 800 ஆனது. அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயைக் குப்பூஸில் தொட்டுத் தொட்டு 41 நாள் ஓட்டினேன். கடைசி நாள் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அதையும் தொட்டுக்கொண்டேன்.

கூட இருந்த மானாமதுரைக்காரர் ஒருவர், "தூதரகத்துக்குப் போடா, ஊருக்கு அனுப்பி வைப்பாங்க" என்றார். நான் போகவில்லை. பயமா? கம்பெனியிடம் எனக்குப் பயமில்லை. வட்டிக்காரர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவாரே, அதுதான் பயம். அம்மாவின் தாலிக்கொடி அடகில் இருந்தது. வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது? பாஸ்போர்ட் கையில் இருந்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். என்னைக் கட்டிய கயிறு இந்த ஊரில் திரித்தது!

அந்தக் கயிறு பழைய கயிறு. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் மண்டபம். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனங்களை நிறுத்திச் சோதித்துக் கப்பலுக்கு அனுப்பிய முகாம் அங்கேதான் இருந்தது. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஊருக்குள் வருவான், கையில் முன்பணத்தோடு. ரயிலுக்கும் கப்பலுக்கும் சோற்றுக்கும் அவனே செலவழிப்பான். தோட்டத்தில் போய் இறங்கினால் அத்தனையும் கடனாக ஏட்டில் ஏறியிருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இந்த ஆள்மேல் இவ்வளவு கடன் நிற்கிறது, அடைத்தால் விடுகிறோம் என்று தோட்டத் துரை எழுதித் தருகிற சீட்டு அது. கடன் தோட்டம் தோட்டமாகக் கைமாறியது. கூடவே ஆளும் கைமாறினான். 1921இல் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருஷம் ஓடிவிட்டது. இன்றைய ஏஜென்ட்டுக்கும் அன்றைய கங்காணிக்கும் என்ன வித்தியாசம்? கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போனான். இவன் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிறான்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும். நம் ஊர் வழியாகப் போகிற இ.சி.ஆர். சாலையில் பஸ் ஓடும். பாஸ்போர்ட்டில் இருக்கிற இ.சி.ஆர்., 'இவரை விசாரித்து அனுப்பு' என்று சொல்லும். வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு இவர் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். உரிமம் வாங்கிய ஏஜென்ட் இவரிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். ரசீதும் தர வேண்டும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம்.

டீக்கடை ஏஜென்ட் என்ன செய்கிறான்? டூரிஸ்ட் விசாவில் ஏற்றிவிடுகிறான். மண்வெட்டி பிடிக்கப் போகிறவனுக்குச் சுற்றுலா விசா! "இமிக்ரேஷன்ல கேட்டா மாமாவைப் பாக்கப் போறேன்னு சொல்லு" என்று பாடம் வேறு. இல்லாத மாமாவுக்காகச் சொன்ன அந்த ஒரு பொய்யில் ஒப்பந்தம் போச்சு, காப்பீடு போச்சு, நாளைக்குப் புகார் கொடுக்கிற வாயும் அடைபட்டுப் போச்சு. 1,20,000 கொடுத்தவனுக்கு 275 ரூபாய்ப் பாதுகாப்பு இல்லை!

2024 ஜூன் 12. குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் பற்றி எரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் செத்தார்கள். அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். விமானப்படை விமானத்தில் பெட்டிகள் கொச்சிக்கு வந்தன. அமைச்சர்கள் வரிசையில் நின்று மாலை வைத்தார்கள். வைக்கட்டும், அது மரியாதை. ஆனால் உயிரோடு போகிறவனுக்குத் துணையாக வாசலில் நிற்பது யார்? ஏஜென்ட் ஒருவன்தானே! 1978லிருந்து தமிழக அரசுக்கே வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. ஏஜென்ட் உட்காருகிற டீக்கடை பெஞ்சில் அந்த நிறுவனத்தின் ஆளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆட்சியாளர்களே, பெட்டியை வாங்க வருகிற நீங்கள், ஆளை வழியனுப்பவும் வாருங்கள்!

30,000 என்ற வரம்பையும் நான் ஏற்கவில்லை. தொழிலாளியிடம் ஆள்பிடிப்புக் கட்டணம் வாங்கக்கூடாது என்பதுதான் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு 181ஆவது உடன்படிக்கையின் பொதுவிதி. இந்தியா அதில் சேரவில்லை. ஏன் சேரவில்லை? ஆள் வேண்டியவன் செலவு செய்யட்டும். டிக்கெட், மெடிக்கல், விசா எல்லாம் முதலாளி கணக்கு!

"நான் தரலேன்னா பின்னாடி நிக்கிறவன் தந்துட்டுப் போயிருவான்" என்பீர்கள். உண்மை. ஒற்றை ஆளால் ஆகாது. அதனால்தான் ஊர் கூடியிருக்கிறோம். ரசீது இல்லாமல் பணம் இல்லை என்று ஒரு தெரு சொல்லட்டும். ஒரு ஜமாஅத், ஒரு கோயில் கமிட்டி, ஒரு மகளிர் குழு சொல்லட்டும். ரசீதில் 30,000க்கு மேல் எழுதினால் சட்டம் பிடிக்கும். குறைத்து எழுதினால் மிச்சத்தை வாங்க முடியாது. ஒரு துண்டுக் காகிதத்துக்கு அவன் ஏன் அவ்வளவு பயப்படுகிறான் என்று இப்போது விளங்குகிறதா?

தாய்மார்களே, நகையைக் கழற்றிக் கொடுப்பவர்கள் நீங்கள். கழற்றும் முன் கேளுங்கள். தம்பிகளே, சிரிக்காமல் கேளுங்கள். நம் தாத்தாக்களின் துண்டில் அவர்கள் பட்ட கடனை எழுதினார்கள். நம் கையிலும் ஒரு துண்டு இருக்கட்டும். அதில் வாங்கியவன் பேரும், வாங்கிய தொகையும், அவன் கையெழுத்தும் இருக்கட்டும்!