படிப்பகக் கணினிகளும் பேக்கரும்

(காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் படிப்பகத்தில் உள்ள நான்கு கணினிகளில் ஒன்று படுத்துவிட்டால் எனக்கு போன் வரும். லினக்ஸ், தமிழ் எழுத்துரு, பிரிண்டர் என்று ஒவ்வொன்றாக ஏற்றுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். போன முறை நான் ஊரில் இல்லை. பிள்ளைகள் தேர்வு விண்ணப்பத்தை வெளியே காசு கொடுத்து நிரப்பினார்கள். வேலை முழுவதும் என் ஒருவன் தலைக்குள் இருந்ததால் வந்த வினை அது.

அதனால்தான் சங்க அலுவலகக் கணினியில் பேக்கர் என்ற மென்பொருளை நிறுவினேன். ஹாஷிகார்ப் நிறுவனம் 2013இல் வெளியிட்டது. ஒரு கணினியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சமையல் குறிப்பு மாதிரி ஒரு கோப்பில் எழுதிவிட்டால், அதன்படி எல்லாவற்றையும் ஏற்றி, முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜாகத் தந்துவிடும். நம் நான்கும் ஒரே மாடல்; அந்த இமேஜை அப்படியே டிஸ்க்கில் எழுதினால் போதும்.

நிறுவுவது பெரிய வேலையில்லை. உபுண்டுவில் அந்த நிறுவனத்தின் சாவியையும் களஞ்சியத்தையும் சேர்த்து 'ஆப்ட்' வழியாகப் போடலாம். நான் ஜிப் கோப்பாக இறக்கினேன். உள்ளே ஓடக்கூடிய கோப்பு ஒன்றுதான். அப்படி இறக்குபவர்கள் ஷா-256 எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

நான் மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகு. அந்தக் கணினியில் இருப்பது பழைய சென்ட்ஓஎஸ். 'பேக்கர்' என்று தட்டியதும் அனுமதி இல்லை என்றது. அனுமதிதானே, ரூட்டாக ஓட்டிவிடலாம் என்று கை போனது. நல்லவேளை, பிழைச் செய்தியை இன்னொரு முறை படித்தேன். அதில் கிராக்லிப் என்று இருந்தது. பலவீனமான கடவுச்சொற்களைப் பிடிக்கும் மென்பொருள் அது. ரெட்ஹாட் வகை லினக்ஸ் சிலவற்றில் அதன் அகராதியைத் தயாரிக்கும் நிரலுக்கும் 'பேக்கர்' என்றே பெயர். ரூட்டாக ஓட்டியிருந்தால் அந்த அகராதியே அழிந்திருக்கலாம்! 'விச் -ஏ பேக்கர்' என்று கேட்டபோது இரண்டு பேக்கரும் வரிசையாக வந்து நின்றன. புதியதை முழுப் பாதை கொடுத்து அழைத்தேன், ஓடியது.

பிறகு மூன்றே கட்டளைகள்: தேவையான செருகுநிரலை இறக்க 'இனிட்', குறிப்பில் பிழை பார்க்க 'வேலிடேட்', இமேஜ் தயாரிக்க 'பில்ட்'.

குறிப்புக் கோப்பின் ஒரு பிரதி செயலாளரிடம் இருக்கிறது. வைஃபை கடவுச்சொல் அதில் இல்லை, தேட வேண்டாம். நான்காவது கணினி இன்னும் பாக்கி. வரும் ஞாயிறு காலை பிள்ளைகள் இருவரை அனுப்புங்கள். அவர்களே போடட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.