ஊர்ப்பாட்டும் உள்ளூர் வானொலியும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய மன்றம் ஒன்று, அச்சேறிய கவிதைகளைப் போற்றுவதோடு அச்சேறாத பாடல்களையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது. நடவு வயலிலும் தொட்டிலருகிலும் கொடைவிழாப் பந்தலிலும் இழவு வீட்டிலும் பாடப்பெறும் பாடல்களுக்குப் பதிப்பகம் இல்லை. அவற்றைப் பாடுவோருள் பெரும்பாலோருக்கு இசைத்தட்டு நிறுவனத்துடனோ ஒலிநாடா நிறுவனத்துடனோ எந்த ஒப்பந்தமும் இருந்ததில்லை. அவர்களுடைய குரலை ஊரெல்லைக்கு அப்பால் கொண்டுசென்ற கருவிகளுள் வானொலி தலையாயது. அந்த வானொலி அவர்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கத் தவறியது என்பதே இவ்வுரையின் பொருள்.

தமிழகத்து வானொலி பிறக்கும்போது உள்ளூர் வானொலியாகவே பிறந்தது. 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஆர்வலர் சிலரின் முயற்சியால் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள்முடையால் அது 1927இல் நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. அதன்பின் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பெற்றன. திருநெல்வேலிக்கு 1963இலும் கோவைக்கு 1966இலும் நிலையங்கள் வந்தன. நிலையம் ஊரை நெருங்கியது. ஆயினும் அதை நடத்தும் விதிகள் தில்லியிலிருந்தே வந்தன. இந்த முரண்பாடு ஊர்ப்பாடகரின் வாழ்வில் ஆழமாகப் பதிந்தது.

ஓர் எடுத்துக்காட்டு ஆர்மோனியம். 1940இல் அனைத்திந்திய வானொலி அந்தக் கருவியைத் தன் ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. இந்திய இசையின் நுண்சுருதிகளுக்கும் கமகங்களுக்கும் அது பொருந்தாது என்பது காரணம். செவ்வியல் இசை பற்றிய விவாதமாக அது நடந்தது. ஆனால், சங்கரதாசு சுவாமிகளின் வழிவந்த இசை நாடகத்துக்கும் ஊர்தோறும் சுற்றிய கூத்து மேடைகளுக்கும் ஆர்மோனியமே உயிர்நாடி. அந்த மேடைக் கலைஞர்களை அவ்விவாதத்தில் யாரும் கேட்கவில்லை. மேடையில் விடிய விடிய ஒலித்த கருவி வானொலியில் முப்பதாண்டுகள் ஊமையாயிருந்தது. 1971க்குப் பின்னரே தடை தளர்ந்தது.

அடுத்தது குரல் தேர்வு. 1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் வானொலிக் கலைஞர்களைத் தேர்ந்து தரம் பிரிக்கும் முறை வலுப்பெற்றது. திரைப்பாடல்கள் குறைக்கப்பட்டன, நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அவர்களை மீட்க 1957இல் விவித பாரதி வந்தது. இந்தப் போட்டி செவ்வியல் இசைக்கும் திரையிசைக்கும் இடையே நடந்தது. ஊர்ப்பாட்டு இரு தரப்பிலும் சேராமல் ஓரத்தில் நின்றது. அதற்கும் குரல் தேர்வும் தரப்படியும் இருந்தன. ஆயினும் நடவுப் பாட்டுக்கு எது சுருதிப் பிழை, எது மரபு என்று கூறத் தக்கவர், அந்தப் பாட்டோடு வாழ்ந்தவரேயன்றி வேறு யார்?

இத்தனைக்கும் நடுவில் வானொலி செய்த நன்மையை மறைத்தல் அறமாகாது. 1960களில் தஞ்சை வட்டாரத்தில் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவியபோது உழவர்கள் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டு அவ்விதையைத் தேடிச்சென்றமையால் வந்த பெயர் அது. ஊர்மொழியில் பேசினால் ஊர் எவ்வளவு கூர்ந்து கேட்கும் என்பதற்கு அப்பெயரே சான்று. உழவருக்கான அத்தகைய ஊரக நிகழ்ச்சிகளின் இடையிடையே நாட்டுப்பாடல்களுக்கும் இடம் கிடைத்தது.

அவ்வாறு வானொலியால் அறியப்பட்டவர்களுள் கொல்லங்குடி கருப்பாயி குறிப்பிடத்தக்கவர். சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூரின் பாட்டுக்காரியாகிய அவர் வானொலியில் பாடிப் புகழ்பெற்றார். 1985இல் பாண்டியராசன் இயக்கிய ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்தும் பாடியும் நாடறிந்தவரானார். 1993இல் கலைமாமணி விருது பெற்றார். முதுமை எய்தி 2025 சூன் திங்களில் மறைந்தார். அவர் பெயருக்கு முன்னே அவருடைய ஊர் நிற்கிறது. பாடகியை அறிந்தோர் அனைவரும் கொல்லங்குடியையும் அறிந்தனர். உள்ளூர்க் கலைஞரை ஒலிபரப்புவதன் முழுப்பயன் இதுவே: பாட்டோடு பாடியவர் பெயரும், பெயரோடு ஊரும் சென்று சேர்வது.

இத்தகைய பேறு சிலருக்கே வாய்த்தது. அதன் காரணத்தை அறிய, ஊர்ப்பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும்போது நேர்வதைக் காணவேண்டும்.

வில்லிசையை எடுத்துக்கொள்ளலாம். நெல்லை, குமரி மாவட்டக் கொடைவிழாக்களில் முத்துப்பட்டன் கதையோ சுடலைமாடன் கதையோ இரவு முழுவதும் நீளும். வீசுகோல் வில்லில் விழ, மட்டையால் தட்டும் குடம் முழங்க, உடுக்கையும் தாளமும் உடன்செல்ல, தலைமைப் பாடகர் ஒரு செய்தியைச் சொல்வார். பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ என்று ஏற்பார். சாமியாடி அருள் வந்து ஆடும்போது கதை விரியும். கூட்டம் சோரும்போது சுருங்கும். பந்தலில் இருப்போரும் அந்தக் கலையின் ஒரு பகுதி. இதனை அரைமணி நேரத்துக்குள் அடக்கினால் கதையின் எலும்புகள் எஞ்சும். அதன் மூச்சு பந்தலிலேயே தங்கிவிடும்.

பறையின் நிலை இன்னும் கடினம். அதன் தோலைத் தீயில் காய்ச்சியே முறுக்கேற்றுவர். அடங்கிய அறைக்குள் தீ மூட்ட முடியாது. முறுக்குத் தளர்ந்த தோலில் அடி எழும்பாது. ஒப்பாரியோ சாவு நிகழாத இடத்தில் பாடப்படுவதை அமங்கலமாகக் கருதும் பெண்கள் பலர். இழப்பின்றி ஒலிவாங்கியின் முன் அமர்ந்து அழுது பாடச் சொல்வது அவர்கள் நம்பிக்கையைப் புண்படுத்துவதாகும். நடவுப் பாட்டின் தாளம் குனிந்து நடும் கையிலிருந்து பிறப்பது. நாற்காலியில் அமர்ந்தால் அந்தக் கை சும்மா இருக்கிறது. இவற்றுள் எதுவும் பாடுவோரின் குறையன்று. பாட்டு தன் இடத்தைவிட்டு வானொலியின் இடத்துக்கு அழைக்கப்பட்டதன் விளைவு.

இளங்கோவடிகள் இதை வேறு வகையில் செய்தார். நெய்தல் நிலத்தில் கானல்வரி, எயினர் ஊரில் வேட்டுவவரி, ஆயர் பாடியில் ஆய்ச்சியர் குரவை, மலைநாட்டில் குன்றக்குரவை என அந்தந்தப் பாட்டை அதனதன் நிலத்திலேயே கேட்கவைத்தார். காப்பியம் பாட்டைத் தேடிச் சென்றது. உள்ளூர் வானொலி பின்பற்றத்தக்க நெறி இதுவே. பாட்டை நிலையத்துக்கு ஏற்ப வெட்டாமல், நிலையம் பாட்டுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளவேண்டும்.

அது இயலுமா என்னும் ஐயத்துக்கு விடையாக அமைந்தது ஒரு சிறுநிலையம். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்கள் சமுதாய வானொலி நடத்த நடுவணரசு இசைவு தந்தது. 2004 பிப்ரவரி முதல் நாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. 2006இல் ஆதாய நோக்கமற்ற தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வாய்ப்பு விரிந்தது. அதன்வழி 2008 அக்டோபர் 15ஆம் நாள், அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில், சகீராபாத்தை அடுத்த மாச்னூரில் ‘சங்கம் ரேடியோ’ ஒலிக்கத் தொடங்கியது.

அதனை நடத்தியோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த உழவுப் பெண்கள். நரசம்மா என்னும் ஒரே பெயருடைய இருவர், ‘ஜெனரல்’ நரசம்மா, அல்கோல் நரசம்மா எனப் பிரித்தறியப்பட்டு, நிலையத்தின் முகங்களாயினர். உரிமம் கிடைப்பதற்குமுன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர்கள் பாடல்களையும் உரையாடல்களையும் ஒலிநாடாவில் பதிந்து, ஊர்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுவந்தனர். ஒலிபரப்பு தொடங்கியபோது அது மாலை ஏழு முதல் ஒன்பது மணி வரை அமைந்தது. வயல்வேலை முடித்து வருவோர் கேட்கும் நேரம் அது. பாட்டும் தெலங்கானப் பேச்சுவழக்கும் அங்குத் திருத்தம் பெறவில்லை. பாடுவோரும் பதிவோரும் கேட்போரும் ஒரே மக்களாயிருந்தமையால் குரல் தேர்வுக்கு அங்கு வேலையில்லை.

சமுதாய வானொலியின் ஒலிபரப்பாற்றலுக்கு 100 வாட்டு என்று விதி எல்லை வகுத்தது. நிகழ்ச்சிகளுள் பாதியேனும் உள்ளூரில் ஆக்கப்படவேண்டும் என்றும் கூறியது. சில கிலோமீட்டர்களே செல்லும் அந்த அலையைக் குறையென்று கருதுவோர் உண்டு. அந்தக் குறுகிய வட்டத்துக்குள் பாடியவரைக் கேட்பவர் அறிவார். பிழையாகப் பாடினால் மறுநாள் களத்துமேட்டில் சொல்வார். நன்றாகப் பாடினால் அடுத்த ஊர்க் கொடைக்கு அழைப்பார். ஊர்க்கலைஞருக்கு வேண்டிய மதிப்பீடும் பிழைப்பும் அவ்வட்டத்தில்தான் உள்ளன.

வேறு நாட்டுப் பட்டறிவும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் 2007இல் ‘இன்ட்ரட்யூசிங்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இசை நிறுவனத்தின் ஒப்பந்தம் இல்லாத இளங்கலைஞர் தம் பதிவை அனுப்பலாம். அவ்வட்டாரத்து நிலையத்தார் கேட்டு ஒலிபரப்புவர். சிறந்தவை நாடளாவிய அலைவரிசைக்குச் செல்லும். பலருக்கு அது முதற்படியாயிற்று. ஆயினும் 2023இல் உள்ளூர் ஒலிபரப்பு சுருக்கப்பட்டபோது, வட்டார நிகழ்ச்சிகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. வட்டாரம் அகன்றால், அண்டை ஊரின் பாடகரை அடையாளம் காணும் செவி குறையும். வளமிக்க நிறுவனமும் செலவைச் சுருக்கும்போது முதலில் தொடுவது உள்ளூர்க் குரலையே என்பது எண்ணத்தக்கது.

தமிழ்நாட்டில் சமுதாய வானொலி உரிமம் பெற்றவற்றுள் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மிகுதி. அங்கே கருவிகள் உள்ளன. ஆர்வமுள்ள மாணவர் உள்ளனர். அவர்கள் கூடத்தைவிட்டு வெளியே வருவதற்குச் சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று போதும். கொடைவிழாவின் ஓர் இரவை முழுமையாகப் பதிந்து, பல மாலைகளில் தொடராக ஒலிபரப்பலாம். பறையைத் தீ மூட்டிய திடலிலேயே பதியலாம். நடவுப் பாட்டை நடவின்போதே பதியலாம். சேற்றில் கால் எடுத்துவைக்கும் ஓசையும் அதன் தாளமே.

இவற்றினும் கவிஞர்கள் கருதவேண்டிய ஒன்று உண்டு. ஊர்ப்பாட்டை ஒலிபரப்பும்போது ‘மரபுப் பாடல்’ என்று அறிவிப்பது வழக்கம். மரபு மெட்டில் புதுவரி கட்டுவோர் ஊர்தோறும் உள்ளனர். தேர்தலுக்கும் பஞ்சத்துக்கும் வெள்ளத்துக்கும் உடனுக்குடன் பாட்டுக் கட்டியவர்கள் அவர்கள். ‘மரபு’ என்னும் ஒரு சொல் அவர்களுடைய ஆக்கத்தை ஆளில்லாச் சொத்தாக்கிவிடுகிறது. பின்னர் அந்த வரி திரைப்படத்தில் ஏறினாலும் அவர்களுக்குப் பெயருமில்லை, பொருளுமில்லை. ஆய்ச்சியர் குரவையில் ஆடிய எழுவருக்கும் மாதரி குரல், துத்தம் முதலிய ஏழிசையின் பெயர்களை இட்டாள். அழகிய பெயர்களே, எனினும் அப்பெண்களின் சொந்தப் பெயர்கள் எவருக்கும் தெரியா.

சட்டம் இவ்வகையில் முன்னே சென்றுள்ளது. பதிப்புரிமைச் சட்டத்தின் 1994ஆம் ஆண்டுத் திருத்தம், பாடுவோருக்கும் ஆடுவோருக்கும் நிகழ்த்துநர் உரிமையை வழங்கியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகப் பயன்பாட்டில் அவர்களுக்கு உரிமைத்தொகை உண்டு என்றது. பாடலை இயற்றியவர் யாரென்று தெரியாவிடினும் அதனைப் பாடியவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்பதற்கு இன்ன நாளில் இன்னார் பாடினார் என்னும் பதிவு வேண்டும். பெயரைச் சொல்லாத ஒலிபரப்பு அந்தச் சான்றை அழித்துவிடுகிறது.

ஆகவே மன்றத்தின் முன் சில கடமைகள் வைக்கத்தக்கன. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வட்டாரத்துப் பாடகர் ஒருவரையேனும் அருகிலுள்ள நிலையத்துக்கு அறிமுகம் செய்யலாம். பாடியவர், பாட்டுக் கட்டியவர், கற்றுக்கொடுத்தவர், ஊர் ஆகிய நான்கையும் நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் அறிவிக்குமாறு நிலையத்தாரை வற்புறுத்தலாம். பதிவின் படி ஒன்று பாடியவர் கையில் சேர்வதையும், வழிச்செலவும் ஊதியமும் அவருக்குக் கிடைப்பதையும் கண்காணிக்கலாம். பாட்டின் சொற்களை எழுதிவைக்கும்போது வட்டார வழக்கை ‘இலக்கணப்படி’ திருத்தும் ஆசையைக் கவிஞர்கள் அடக்கிக்கொள்ளவேண்டும். திருத்திய மறுகணமே அது அந்த ஊரின் பாட்டாக இராது.

அச்சில் தம் பெயர் விடுபட்டால் கவிஞர் எவ்வளவு வருந்துவர் என்பதை இந்த அவை நன்கறியும். அதே வருத்தத்தைச் சொல்ல வழியின்றிச் சுமந்துசெல்லும் பாட்டுக்காரர்களும் கவிஞர்களே. பதினோராம் ஆண்டில் அடியெடுத்துவைக்கும் மன்றம் அவர்களுள் சிலரின் பெயரையேனும் வானில் ஒலிக்கச்செய்யுமானால், அது இந்த மலரினும் நீண்டநாள் வாழும் தொண்டாக அமையும்.