வீட்டு உத்தியோகமும் கணக்கு ஜாக்கிரதையும்

(தஞ்சையில், வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கும் வாலிபர்களும் பெண்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயமானது, வீட்டிலிருந்து கம்பெனி வேலை பார்க்கிறவர்கள் அக்கம்பெனியின் தகவல்களை எப்படிப் பத்திரமாய்க் காப்பாற்றுவது என்பதாகும். இது சென்னைக்காரர், பெங்களூர்க்காரர் சமாச்சாரம். நெல் விளையும் தஞ்சை ஜில்லாவுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஊர் திரும்பிய பிள்ளைகள் மன்னார்குடியிலும் பாபநாசத்திலும் திண்ணையை ஒட்டிய அறையில் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்த்ததை எல்லோரும் கண்டோம். அவ்வருஷம் நவம்பரில் இந்திய சர்க்காரும் விதிகளைத் தளர்த்தி, கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்து வேலை வாங்க இருந்த பல தடைகளை நீக்கிற்று. 2024 செப்டம்பரில் தஞ்சையிலேயே மினி டைடல் பூங்கா திறந்தாய்விட்டது. ஆகவே இது நம் விஷயந்தான்.

கர்ணம் வீட்டுக் கணக்கு

நிற்க, வீட்டில் வைத்து உத்தியோகம் பார்ப்பது நமக்குப் புதிதா என்றால் இல்லை. இந்த ஜில்லாவில் கிராமந்தோறும் பட்டாமணியமும் கர்ணமும் இருந்தார்கள். அடங்கல், சிட்டா, வரி வசூல் கணக்கு எல்லாம் பெரும்பாலும் கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில்தான் இருந்தன. வேலை பரம்பரையாய் வந்தது. பெட்டியும் பரம்பரையாய் வந்தது. ஒரு குடியானவன் தன் நிலத்தைப் பற்றிய கணக்கைத் தானே பார்க்க வேண்டுமானால் கர்ணத்தின் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அந்தக் கணக்கு பத்திரமாய் இருந்ததா? மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பார்க்கக்கூடாதவன் பார்க்காமல் இருந்தானா? கர்ணத்துக்கு வேண்டிய மிராசுதார் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். எழுதியது எழுதியபடி இருந்ததா? சாகுபடி செய்தவன் பெயர் ஒரு பேனாக் கீறலில் மறைந்துபோகும். வேண்டியவனுக்கு வேண்டிய நேரத்தில் கிடைத்ததா? கர்ணம் ஊரில் இல்லை என்றால் கணக்கும் ஊரில் இல்லை. இரகசியம் இருந்தது; பத்திரம் இல்லை. யாருடைய தகவலோ அவனிடமிருந்தே அதை மறைத்து வைத்ததற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, ஆதிக்கம்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு இந்தக் கிராம உத்தியோகங்களை ஒழித்தது. 1982-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இன்று பட்டாவையும் சிட்டாவையும் எவரும் தம் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

இதை ஏன் சொல்லுகிறோமென்றால், இன்று கம்ப்யூட்டர் சாஸ்திரக்காரர்கள் தகவல் பாதுகாப்புக்குச் சொல்லும் மூன்று இலட்சணங்களும் நாம் மேலே கேட்ட மூன்று கேள்விகள்தாம். உங்கள் அறையிலுள்ள கம்ப்யூட்டரும் ஒரு கர்ணம் பெட்டிதான். அதில் யாரோ ஒரு நோயாளியின் வியாதி, யாரோ ஒரு விவசாயியின் நகைக்கடன், யாரோ ஒரு பெண்ணின் விலாசம் இருக்கலாம். அது கம்பெனியின் சொத்து என்பது பாதி உண்மைதான். அந்த மக்களின் சொத்து என்பதே முழு உண்மை. கம்பெனி விசுவாசத்திற்காகப் பாதுகாக்க வேண்டியதில்லை. அந்த மக்களுக்காகப் பாதுகாக்க வேண்டும்.

வீட்டுக் கதவு வழியாய் வந்த திருட்டு

2022-ல் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். லாஸ்ட்பாஸ் என்பது மக்களின் கடவுச்சொற்களைப் பூட்டி வைத்துக்கொடுப்பதையே தொழிலாய்க் கொண்ட கம்பெனி. அதன் முக்கியச் சாவிகள் நாலே நாலு எஞ்சினீயர்களிடம் இருந்தன. திருடன் கம்பெனிக் கோட்டையை இடிக்கவில்லை. அந்த நால்வரில் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் புகுந்தான். அதில் சினிமா பார்ப்பதற்கான ஒரு மென்பொருள் இருந்தது. அதிலிருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் 2020-லேயே வெளிவந்திருந்தும் அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அவர் தட்டும் எழுத்தையெல்லாம் ஒற்றுக் கேட்கும் கள்ள மென்பொருளை அதன் வழியாய் வைத்து, பெரிய சாவியைத் தெரிந்துகொண்டு, வாடிக்கைக்காரர்களின் பெட்டகப் பிரதிகளையே கொண்டுபோய்விட்டான்.

ஒரே யந்திரத்தில் வேலையும் வேடிக்கையும் கூடாது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கல்லணையைப் பார்த்திருக்கிறீர்கள். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தனித்தனியாய்ப் பிரித்திருப்பதால்தான் ஒன்றில் கோளாறென்றால் அதன் மதகை மட்டும் அடைக்க முடிகிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-ல் நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் கள்ள மென்பொருள் புகுந்தது. உலையை நடத்தும் யந்திரங்கள் அதனோடு சேராமல் தனியாய் இருந்தபடியால் அவற்றுக்குப் பாதகமில்லை என்று அணுமின் கழகம் தெரிவித்தது. உங்கள் வீட்டிலும் அப்படியே. கம்பெனி வேலைக்கு ஒரு யந்திரம். பிள்ளைகள் விளையாட வேறொன்று. வைஃபை பெட்டியில் விருந்தாளிக்கென்று தனி வழி வைத்துக்கொள்ள இடமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி கடையிலிருந்து வந்தபோது இருந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள்.

சடங்கும் பாதுகாப்பும்

ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் காட்டுகிறார்கள். அதே யந்திரம் "திருத்தம் வந்திருக்கிறது, போட்டுக்கொள்" என்று மாதக்கணக்காய்க் கத்தினால் "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளுகிறார்கள். குங்குமம் எந்த ஓட்டையை அடைத்தது? கடவுச்சொல்லோ குலதெய்வத்தின் பெயரும் 123-ம். திருடனுக்கும் அந்தத் தெய்வத்தின் பெயர் தெரியும் என்று ஏன் யோசிப்பதில்லை?

சடங்கு செய்வதில் கோயிலுக்கு இளைத்ததல்ல கம்பெனி ஆபீசும். கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி இருக்க வேண்டும், அதை அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? 2003-ல் அமெரிக்க சர்க்காரின் அளவை ஸ்தாபனத்தில் பில் பர் என்பவர் எழுதிய யோசனை அது. உலகமே அதை வேதமாக்கிக்கொண்டது. 2017-ல் அவரே, தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாய்ச் சொல்லிவிட்டார். காரணம், மாற்றச் சொன்னால் ஜனங்கள் 1-ஐ 2-ஆக மாற்றுகிறார்கள்; திருடனும் அதைத்தான் எதிர்பார்க்கிறான். அவ்வருஷம் அந்த ஸ்தாபனமும் விதியைத் திருத்தி, நீளமான கடவுச்சொல் நல்லது, அது வெளியே போயிற்று என்று தெரிந்தாலொழிய மாற்றும்படி வற்புறுத்த வேண்டாம் என்று சொல்லிற்று. எழுதியவரே தப்பென்றால் சாஸ்திரத்தையும் மாற்றலாம் என்பது விஞ்ஞானம். நம் ஆபீசுகளில் பல இன்னும் பழைய மந்திரத்தையே ஓதுகின்றன.

நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாய், ஓரிடத்தில் உபயோகித்ததை மற்றோரிடத்தில் உபயோகிக்காமல் வையுங்கள். அதோடு இரண்டாவது பூட்டும் போடுங்கள். அதாவது கைப்பேசியில் வரும் எண்ணோ, கைரேகையோ இல்லாமல் உள்ளே போக முடியாதபடி செய்யுங்கள். 2021-ல் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எண்ணெய்க் கம்பெனியை நிறுத்தியது, யாரும் உபயோகிக்காமல் விட்டுவைத்த ஒரு தொலைதூரக் கணக்குத்தான். அதற்கு இரண்டாவது பூட்டு இல்லை. வேலையை விட்டுப் போனவனின் சாவியை அன்றே வாங்காத கம்பெனிக்கு உங்களைக் கண்டிக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

பெரியவர் சொன்னால் நம்புவதா?

இன்னொரு விஷயம். "தலைமை ஆபீசிலிருந்து பேசுகிறேன், அந்த எண்ணைச் சொல்" என்று ஒரு குரல் வந்தவுடன் எழுந்து நிற்கிற புத்தி நம்மவர்களுக்கு இருக்கிறது. மேலே உள்ளவன் சொன்னால் கேட்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாய்ப் பழக்கியதன் பலன் அது. திருடன் பிழைப்பது இந்தப் பணிவினால்தான். 2024-ல் வெளியான செய்தியொன்று: ஹாங்காங்கில் அரூப் என்ற எஞ்சினீயரிங் கம்பெனியின் சிப்பந்தி ஒருவர், திரையில் தம் மேலதிகாரிகளின் முகத்தையே கண்டு, குரலையே கேட்டு, சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். திரையில் தெரிந்தவை அத்தனையும் யந்திரம் செய்த பொய் முகங்கள். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று நம் பாட்டிமார் சொன்னது பலித்துவிட்டது. தீர விசாரிப்பதே மெய். வந்த அழைப்பை வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த எண்ணில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

2010-ல் ஜான் கிண்டர்வாக் என்பவர் இதையே கம்ப்யூட்டர் வலைக்கும் ஒரு கொள்கையாய்ச் சொன்னார். கோட்டைக்கு உள்ளே இருக்கிறான் என்பதற்காக எவனையும் நம்பாதே, ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார் என்பது அதன் கருத்து. எதையும் கேட்டவுடன் நம்பாதே என்று நாம் சொன்னால் நாஸ்திகம் என்கிறார்கள். கம்ப்யூட்டர்காரர் சொன்னால் பாதுகாப்பு என்கிறார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டில் வேலை பார்க்கும் பெண்கள் நிலைமை இன்னும் கஷ்டம். "புருஷனிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, கடவுச்சொல்லைச் சொல்" என்று கேட்கும் வீடுகள் உண்டு. ஆண் வீட்டிலிருந்து வேலை பார்த்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். பெண் சாத்தினால் அகம்பாவம். தோழர்களே! அவள் காப்பாற்றுவது அவள் இரகசியத்தை அல்ல, அவளை நம்பிய பிற மனிதர்களின் இரகசியத்தை. அவளுக்கென்று ஒரு மேசையும், சாத்தக்கூடிய ஒரு கதவும், யாருக்கும் சொல்ல வேண்டாத ஒரு சொல்லும் இருப்பது அவள் உத்தியோகத்தின் உரிமை.

கம்பெனியின் கடமை

எல்லாப் பழியையும் தொழிலாளி தலையில் போடுவதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கம்பெனி தன் செலவில் யந்திரம் கொடுக்க வேண்டும். அதிலுள்ள சேமிப்பைப் பூட்டுப்போட்டுத் தர வேண்டும். ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு வேண்டியதை மட்டும் திறந்துவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்த ஜில்லாவில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்தன. ஆகையால் பிரதியெடுத்து வேறிடத்தில் வைப்பதும் கம்பெனி பொறுப்பு. இவற்றைச் செய்யாமல், நாளெல்லாம் காமிராவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறானா என்று பார்ப்பது பாதுகாப்பல்ல. பண்ணையில் நின்ற கங்காணி வேலை.

2022-ல் வந்த உத்தரவின்படி, இத்தகைய திருட்டு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சர்க்காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு இலாகாவுக்குக் கம்பெனி தெரிவிக்க வேண்டும். "தெரியாமல் அந்த இணைப்பைத் தொட்டுவிட்டேன்" என்று சொல்ல வந்தவனை வேலையைவிட்டு நீக்கினால், அடுத்தவன் வாய் திறப்பானா? முதலில் சொன்னவனைத் தண்டிக்காதிருப்பதே முதல் பாதுகாப்பு. 2023-ம் வருஷத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், தக்க காப்புச் செய்யாத ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகுமே தவிர, தகவலைப் பறிகொடுத்த ஏழைக்குப் போகாது. ஆகவே போன பின் வழக்காடுவதைவிடப் போகாமல் காப்பதே அவனுக்கு நாம் செய்யும் நியாயம்.

தோழர்களே! இவற்றை நாம் சொன்னோம் என்பதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டாம். இன்றிரவு வீட்டுக்குப் போய் அவரவர் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். உங்கள் தகவல் இன்னொருவர் வீட்டில் அந்த நிலையில் கிடந்தால் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டு, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.